சிக்கனம் தைத்த போர்வை

கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவளுக்குச் ‘சிக்கனம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவள் நாத்தனார். புது அண்ணி கேரட் தோலையும் முட்டைக்கோஸின் நடுத்தண்டையும் குப்பையில் போடாமல் ஒரு பாத்திரத்தில் சேர்த்து வைப்பதைப் பார்த்துவிட்டு, “இது மாட்டுக்கா, எங்களுக்கா?” என்று கேட்டாள். சாயங்காலம் அதே தோலைக் கொதிக்கவைத்து வடிகட்டி, மிளகைத் தட்டிப் போட்டு அண்ணி நீட்டியபோது, கேலி செய்தவளே இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடித்தாள். அன்றிலிருந்து அவள் ‘சிக்கனம் அண்ணி’. போகப் போக அண்ணி உதிர்ந்து சிக்கனம் மட்டும் நின்றது. டிரைவரான அவள் கணவர் பஸ் டிப்போவில்கூட, “சிக்கனம் கட்டிக் கொடுத்த சோறு” என்றுதான் டப்பாவைத் திறப்பார்.

பெயரில் அவளுக்கு வருத்தமே இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாடிக்குப் போகும். அங்கே பழைய பெயிண்ட் வாளிகளில் புதினாவும் தக்காளியும் மிளகாயும் நிற்கும். வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தை நறுக்கி மண்ணில் செருகினால் தாள் கிளம்பும் என்று அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். சொல்லிக் கொடுப்பது என்றால் சும்மா இல்லை. படியேறி வருகிறவர்களை நிறுத்தி வைத்து, அவர்கள் கையிலிருக்கும் பையின் கனத்தையும் பார்க்காமல், உரத்திலிருந்து உரச்சாக்கு வரைக்கும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் விடுவாள். “உன் வாய்க்கு மட்டும் சிக்கனம் தெரியாது” என்பார் டிரைவர்.

போர்வை தைக்க ஆரம்பித்ததும் அந்தச் சிக்கனத்தில்தான். தெருமுனைத் தையற்கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள் மூட்டை மூட்டையாகக் குப்பைவண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. தையற்காரரிடம் கேட்டு வாங்கி வந்தாள். முதலில் எல்லாவற்றையும் வெந்நீரில் நனைத்துக் காயவைப்பாள். சுருங்குகிற துணி அப்போதே சுருங்கிவிட வேண்டும், போர்வையான பிறகு சுருங்கினால் இழுத்துக்கொண்டு கோணிக்கொள்ளும். அப்புறம் கனமானது தனி, மெல்லியது தனி. சதுரமாக வெட்டி, நிறம் பார்த்துத் தரையில் பரப்பி, ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைத்து, எழுந்து நின்று பார்த்து, மறுபடி உட்கார்ந்து மாற்றுவாள். சதுரங்களை மெஷினில் இணைத்தபின் அடித்துணியோடு சேர்த்துக் கையால் தைப்பாள். எதற்கும் உதவாத நறுக்குகள்கூடத் தலையணைக்குள் போய்விடும்.

முதல் போர்வையைப் பார்த்ததும் நாத்தனார் மடியில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

நாத்தனாரை வீட்டில் எல்லாரும் பாப்பா என்பார்கள். நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். அண்ணனுக்கு அவள்மேல் உயிர். நாத்தனாரும் அண்ணியும் என்றால் பாத்திரம் உருளும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்த அக்கம்பக்கத்துக்குப் பெரிய ஏமாற்றம். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பாப்பாவின் பிரசவத்தின்போது தாயில்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவள் சிக்கனம். பாப்பாவின் வீட்டுக்காரர் நடத்திய செல்போன் கடை படுத்துவிட்டபோது, மாடித்தோட்டத்துக் காய் பாதி அந்த வீட்டுக்குத்தான் போனது.

அந்தச் சமயத்தில்தான் பாப்பா வந்து கேட்டாள்.

“அண்ணி, இந்தப் போர்வையெல்லாம் நான் வித்துத் தரட்டுமா? கண்காட்சியில ஸ்டால் போடலாம். நீங்க தைங்க, அலைச்சல் என்னோடது. வர்றதுல ஆளுக்குப் பாதி.”

“ஒட்டுத்துணியை யாருடி காசு கொடுத்து வாங்குவா?”

“நீங்க சும்மா இருங்க. வாங்க வைக்கிறது என் பொறுப்பு.”

வாங்கினார்கள். முதலில் ஒன்றிரண்டு போனது. பிறகு ஒரு கட்டத்தில் மடமடவென்று விற்க ஆரம்பித்தது. சிக்கனத்தால் தைத்து மாளவில்லை. பாப்பா ஒருநாள் மத்தியானம் வந்து, அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது கையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். “முகம் வேணாம் அண்ணி, தலை வாரலைன்னு அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க.”

தானும் ஒருநாள் ஸ்டாலில் வந்து உட்காருகிறேன் என்று சிக்கனம் கேட்டபோதெல்லாம் பாப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. கூட்டம், புழுக்கம், அண்ணியின் முட்டிவலி. டிரைவரும், “அங்க போய் என்ன பண்ணப் போறே? உன் கைவேலைக்கு ஊரே அடிச்சுக்குது. உட்கார்ந்த இடத்துல ராணி மாதிரி இரு” என்பார். அதைக் கேட்க அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக வீட்டோடு கிடந்த கை, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பிடித்திருக்கிறதே என்ற நினைப்பில், காலையில் எழும்போதே ஊசியைத் தேடுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் கண்காட்சிக்குப் போனதற்குக் காரணம் ஒரு சிவப்புத் துணி.

முந்தின நாள் பாப்பா எடுத்துப்போன போர்வைகளில் ஒன்றின் நடுவில் நல்ல ரத்தச் சிவப்பில் சதுரங்கள் வைத்திருந்தாள். அதே துணியில் மிஞ்சிய துண்டைக் காலையில் வேறு எதற்கோ நனைத்தபோது வாளித் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிட்டது. முதல் முறை நனைத்ததில் போகாத சாயம் எப்படியோ ஒளிந்திருந்திருக்கிறது. அந்தப் போர்வையை யாராவது வாங்கித் தோய்த்தால், சுற்றியுள்ள வெள்ளையெல்லாம் பாழாகிவிடும். பாப்பாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

கண்காட்சி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மண்பாண்டம், மெழுகுவத்தி, சோப்பு, கம்பளிக் குல்லாய் என்று வரிசையாகக் கடைகள். பாப்பாவின் ஸ்டாலைத் தேட வேண்டியிருக்கவில்லை. தன் போர்வைகளைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டாள். கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவை வேறு யாரோ தைத்ததுபோல அழகாக இருந்தன. ஒரு நிமிஷம் அப்படியே நின்று பார்த்தாள்.

பாப்பா அங்கே இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். சம்பளத்துக்கு வைத்த விற்பனையாள் போலிருக்கிறது.

“வாங்கம்மா, தொட்டுப் பாருங்க. எல்லாம் கைத்தையல்.”

“இங்க ஒரு சிவப்புப் போர்வை...”

“இருக்கும்மா, அந்தம்மா பார்த்துட்டு இருக்காங்க. அதுக்கு முன்னாடி இதைப் படிங்க.” பெண்மணி மேஜைமேல் இருந்த பலகையை அவள் பக்கம் திருப்பினாள்.

பலகையில் பெரிதாக இரண்டு கைகள். அவளுடைய கைகள். குக்கர் ஆவி பட்டுத் தோல் உரிந்த கட்டைவிரல், ஊசி, நூல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அடியில், ‘வாய் பேச இயலாத ஒரு பெண்ணின் கைகள் பேசுகின்றன’ என்று எழுதியிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிய பலகை, படம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

“யாரு இவங்க?”

“தைக்கிறவங்கம்மா. பாவம், பிறவியிலேயே பேச்சு வராதாம். கட்டினவன் குடிகாரன். இருக்கிற நகையையெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடிட்டானாம். ஒத்தை ரூம்ல தனியா கிடக்கிறாங்க. எங்க மேடம்தான் கண்டுபிடிச்சு, துணி வாங்கிக் கொடுத்து, தைக்கக் கத்துக் கொடுத்து, ஒரு வழி பண்ணியிருக்காங்க.”

“பிள்ளைங்க?”

“யாருமே இல்லைம்மா.” சொல்லும்போது பெண்மணியின் கண் நிஜமாகவே கலங்கியது. “நான் தினம் சொல்றேன், தினம் எனக்கு அடைச்சுக்குது.”

சிக்கனத்தின் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். காலையில்தான் போன் பண்ணி, தக்காளிக்கு ஏன் பூ உதிர்கிறது என்று கேட்டான். அவன் குரல் இன்னும் காதில் இருந்தது.

பக்கத்தில் சிவப்புப் போர்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள் நல்ல உடை அணிந்த ஓர் அம்மாள். சிக்கனத்துக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வந்த வேலை மட்டும் ஞாபகம் வந்தது.

“அம்மா, அது வேணாங்க. அதுல சாயம் போகும். நனைச்சா வெள்ளையெல்லாம் சிவந்துடும்.”

அந்த அம்மாள் சிரித்தாள். “பரவாயில்லைங்க. நான் என்ன போர்த்திக்கவா போறேன்? அந்தப் பொண்ணுக்கு ஏதோ நம்மாலான உதவி. வீட்டுல ஏற்கனவே ஒண்ணு வாங்கி அலமாரியில வெச்சிருக்கேன்.”

“பிரிக்கவே இல்லையா?”

“எதுக்குப் பிரிக்கணும்?”

எத்தனை மத்தியானம் தரையில் பரப்பி, எழுந்து நின்று, நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்துப் பார்த்திருப்பாள். அதையெல்லாம் யாரும் பார்த்ததே இல்லை. வாங்கியவர்கள் பலகையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போர்வை அதற்குச் சுற்றிக் கொடுத்த காகிதம்.

“இதைத் தைச்சது நான்தாங்க” என்றாள் சிக்கனம். “எனக்கு நல்லாவே பேச்சு வரும்.”

அந்த அம்மாளின் முகம் மாறியது. அவளை மேலும் கீழும் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். “அப்போ இதெல்லாம் ஏமாத்து வேலையா? பேச முடியாதுன்னு சொல்லிச் சொல்லித்தானே வித்தீங்க? வெக்கமா இல்லை உங்களுக்கு?”

கேள்வி சிக்கனத்தைப் பார்த்துத்தான் வந்தது. பக்கத்து ஸ்டால்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போர்வையைக் கையில் வைத்திருந்த இன்னொருத்தர் அதைக் கீழே வைத்தார். கண்ணாடிப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் பாப்பா வந்தாள். கையில் டீ. அண்ணியைப் பார்த்ததும் டீ கொஞ்சம் சிந்தியது. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் சமாளித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“என்னங்க பிரச்சினை?”

“இந்தம்மா, தான்தான் தைச்சேன்னு சொல்றாங்க.”

பாப்பா அண்ணியை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது. வாயில் வேறு இருந்தது.

“இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க” என்றாள். “போன தடவையும் இப்படித்தான் யாரோ வந்து கலாட்டா பண்ணாங்க. நம்ம வியாபாரம் நல்லாப் போனா நாலு பேருக்குப் பொறுக்காது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

“தெரியாதா பாப்பா?” என்றாள் சிக்கனம். கத்தவில்லை. வீட்டில் உப்பு போட்டாயா என்று கேட்கிற குரல்தான்.

பாப்பா திரும்பிக்கொண்டு போர்வைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பேச எவ்வளவோ இருந்தது. படியேறுகிறவர்களை நிறுத்திவைத்து உரம் பற்றிப் பேசுகிறவளுக்கு, மகன் பெயரைச் சொல்லத் தெரியாதா? பாப்பாவின் உடம்பில் எங்கே மச்சம் என்று சொல்லத் தெரியாதா? சொல்லியிருந்தால் அங்கேயே பாப்பாவின் மானம் கப்பலேறியிருக்கும். நாத்தனாரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அந்த அம்மாள், “சரி, சிவப்பையே கொடுங்க” என்பது கேட்டது.

பஸ் நிறுத்தத்துக்குப் பாப்பா ஓடி வந்தாள். செருப்பு ஒரு பக்கம் வார் அறுந்திருந்தது.

“அண்ணி, நில்லுங்க. எல்லார் முன்னாடியும் நான் வேற என்ன சொல்ல முடியும்? போலீஸைக் கூப்பிட்டிருப்பாங்க அண்ணி.”

“என்னை ஊமைன்னு ஏண்டி சொன்னே?”

“வாங்குறவங்க உங்களைப் பார்க்கணும், போன்ல பேசணும்னு கேட்டாங்க. வேற வழி தெரியலை. முதல்ல சும்மா தொங்கவிட்டுப் பார்த்தேன் அண்ணி, உங்க தையலைத் தொட்டுப் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருந்தாங்க. ஒரு நாள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தம்மா அழுதுட்டே வாங்கினாங்க. அப்புறம் விட முடியலை. கதைதான் அண்ணி விக்குது. எங்க வீட்டு அடுப்பு எரியறது அதுலதான்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க தைக்க மாட்டீங்க.”

“அது தெரியுது இல்ல? அப்புறம் எப்படி மனசு வந்துச்சு?”

பாப்பா அழுதாள். அழுகைக்கு நடுவில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில், அந்த வார்த்தையும் வந்துவிட்டது. “நான் மட்டுமா அண்ணி? அண்ணனுக்கும்தான் தெரியும். அண்ணன் சரின்னு சொன்ன பிறகுதான் பலகையே எழுதினேன்.”

பஸ் வந்தது. சிக்கனம் ஏறி உட்கார்ந்தாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

டிரைவர் டியூட்டி முடிந்து வந்தபோது அவள் அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. தங்கை ஏற்கனவே போன் பண்ணியிருக்கிறாள் என்பது அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. வழக்கமாக உதறிவிட்டு வருகிறவர், அன்றைக்கு ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார்.

“கோவப்படாதே. முதல்ல நான் சொல்றதைக் கேளு” என்றார். “அதுல கெட்ட பேரு யாருக்கு? எனக்குத்தானே? குடிகாரன், ஓடிப்போனவன். நானே போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். உனக்கென்ன அதுல?”

“எனக்கு வாயில்லைன்னு சொல்லப்போறது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

“தெரியுமான்னு கேட்டேன்.”

“பாப்பா சொன்னா.”

“சொன்னப்போ என்ன சொன்னீங்க?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“சொல்லுங்க.”

டிரைவர் சுவரைப் பார்த்தார். “சிரிச்சோம்” என்றார். “உனக்குப் போய் வாயில்லைன்னு சொல்றாளேன்னு... ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.”

மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. பொய் சொன்னதைக்கூட ஏதோ கஷ்டம், ஏதோ அவசரம் என்று ஒரு மூலையில் தள்ளிவிட முடியும்போல இருந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்து, அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறார். ஊரே அடித்துக்கொள்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

“பாப்பா குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்னு பயந்தேன்” என்றார் டிரைவர். “உன் கைவேலையால ஒரு குடும்பம் நிமிர்ந்திருக்கு. அதை நினைச்சுப் பாரு.”

“அவளுக்குக் காசு போதலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என் பங்கு வேணாம்னு சொல்லித் தைச்சுக் கொடுத்திருக்க மாட்டேனா? என்னைக்குங்க நான் அவளுக்கு இல்லைன்னு சொன்னேன்?”

டிரைவர் தானே போய் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரா சோறா என்று தெரியாமல் எதையோ வைத்தார். அது பொங்கி வழிந்தது.

மறுநாள் காலையில் சிக்கனம் பாப்பாவின் வீட்டுக்குப் போய், விற்காமலிருந்த போர்வைகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாப்பா தடுக்கவில்லை. பாப்பாவின் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுத்து, கடைசிவரை தலையைத் தூக்காமல் நின்றார்.

சில நாட்கள் அவள் ஊசியைத் தொடவே இல்லை. மாடிக்கும் போகவில்லை. டிரைவர்தான் வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், தேவைக்கு மேல் ஊற்றினார். மிளகாய்ச் செடி அழுகிப்போனது. பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்று, “என்னாச்சு, படியில உங்க சத்தமே காணோம்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்விதான் அவளை உசுப்பிவிட்டது. இனிமேலும் சும்மா இருந்தால் பலகையில் எழுதியது நிஜமாகிவிடும் என்று தோன்றியது.

காய்கறிச் சந்தையில் ஓர் ஓரமாக இடம் கேட்டு வாங்கினாள். தரையில் ஒரு தார்ப்பாய். ஒரு பக்கம் புதினா, தக்காளி நாற்றுகள். இன்னொரு பக்கம் போர்வைகள். பலகை எதுவும் வைக்கவில்லை. வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசினாள். எந்தத் துணி எதில் வெட்டி மிஞ்சியது, எதைத் தனியாகத் தோய்க்க வேண்டும், எது வெயிலில் வெளுக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாற்றுகள் போயின. போர்வை எளிதில் போகவில்லை. பாப்பா சொன்னது அந்த விஷயத்தில் பொய்யில்லை என்று தெரிந்தது. தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்தது.

ஒருநாள் ஒரு லாரிக்காரர் போர்வையைப் பிரித்து உதறி, முனையைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்து, தையல் விடுகிறதா என்று பார்த்தார். “இங்க நூல் நிறம் மாறியிருக்கே” என்று குறை சொன்னார். “நூல் தீர்ந்துபோச்சுங்க, மஞ்சளுக்குப் பதிலா பழுப்புப் போட்டேன். பிடிக்காட்டி வேற பாருங்க” என்றாள். அவர் முனகிக்கொண்டே, பேரம் பேசி, அதையே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வண்டியில் ராத்திரி குளிருமாம்.

டிரைவர் லீவு நாளில் மூட்டை தூக்க வருவார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சும் திரும்பிவிட்டது. உப்பு, புளி, கரண்ட் பில், மகனின் சளி எல்லாம் பேசினார்கள். ஆனால் அவர், “நல்லா தைச்சிருக்கே” என்று சொல்ல வாயெடுத்தால் மட்டும் அவள் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள். அவருக்கும் அது புரிந்து, சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பாப்பா நெடுநாள் வரவில்லை. ஸ்டாலை எடுத்துவிட்டதாகவும், யாரோ ஒருவருடைய கடையில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு அவள் போவதாகவும் டிரைவர் மூலம் கேள்விப்பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டு, சிக்கனம்தான் போய்த் திறந்தாள். பாப்பா இளைத்திருந்தாள். கையில் பழப் பை. வாசலிலேயே நின்றாள்.

“வாங்க” என்றாள் சிக்கனம். “உள்ள வாங்க. உட்காருங்க.”

பாப்பா அசையவில்லை. உள்ளே இருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் காதில் விழுந்துவிட்டது.

“வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க.”

“அண்ணி” என்றாள் பாப்பா. “திட்டுங்க அண்ணி. செருப்பால அடிங்க. வாங்க, போங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.”

சிக்கனத்துக்கு ‘வாடி’ என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் கூடவே அந்த மண்டபமும், போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்த பின்கழுத்தும் வந்தன. அவளால் முடியவில்லை. பழப் பையை வாங்கி மேஜைமேல் வைத்தாள். இரண்டு தட்டுகளை எடுத்து அண்ணனுக்கும் தங்கைக்கும் போட்டாள், சோறு வைத்தாள், குழம்பை நடுவில் வைத்தாள்.

“ஆறிடும்” என்றாள். “சாப்பிடுங்க.”